மட்டக்களப்பிலிருந்து அறுகம்பே: நண்பர்களோடு ஓர் இரவு தங்கி வர ஒரு வழிகாட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில் இரவு இரண்டு வகை. ஒன்று அறுகம்பே இரவு: பாட்டு, பார், கடற்கரை மணலில் கால் நீட்டி இருப்பது. மற்றது கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி இரவு: கொத்துத் தட்டின் சத்தம், புரியாணி, இஞ்சி போட்ட பிளேன்ரி (பால் சேர்க்காத தேத்தண்ணி), ஒரு சொட்டு மதுவும் கிடையாது. முதல் தடவை போகிறவர்கள் இரண்டையும் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்த்து, பத்து மணிக்குப் பசியோடும் தூக்கத்தோடும் கோமாரிப் பக்கம் இருட்டில் வாகனம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டு இரவைப் போகும் நாளுக்கும் சாப்பாட்டு இரவைத் திரும்பும் நாளுக்கும் வையுங்கள். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு முடிவின்மேல்தான் நிற்கிறது.

கணக்கு ஐந்தாறு பேருக்கு. புறப்படுவது மட்டக்களப்பு நகரம், வீதி ஏ4, போக மட்டும் சுமார் 110 கிலோமீற்றர், ஓர் இரவு தங்கல்.

1. ஆக்களைச் சேர்க்க முன் திகதியைப் பிடியுங்கள்

அறுகம்பேயின் காலம் சித்திரைக் கடைசியில் தொடங்கி ஒக்டோபரில் முடியும். அலைச்சறுக்கு ஆக்கள் வருகிற காலமும் அதுதான். அவர்கள் இருந்தால்தான் பாட்டும் இருக்கும். கூடின கலகலப்பு ஜூன் முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் பல கடைகள் பூட்டுப் போட்டுவிடும். டிசம்பர் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பாசிக்குடாவுக்கும் போக வேண்டாம், அறுகம்பேக்கும் போக வேண்டாம். அந்த மாதத்தில் இந்தக் கரை முழுவதும் மழைதான்.

அடுத்த பொறி நிலவு. "பௌர்ணமியில கடற்கரை எப்படி இருக்கும் தெரியுமா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டி, போய் இறங்கினால் போயா, அதாவது பௌர்ணமிப் பொது விடுமுறை. அன்று மதுக்கடையும் பாரும் சட்டப்படி பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. முதல் நாளே வாங்கி வைத்தால் போச்சு என்பவர்களுக்கு: போத்தல் இருக்கும், பாட்டு இருக்காது. நிலவு கட்டாயம் வேண்டுமென்றால் போயாவுக்கு மூன்று நாள் முன்னாலோ பின்னாலோ போங்கள், வெளிச்சம் போதும். இன்னொன்று, பௌர்ணமியை ஒட்டிப் பிடிபடும் நண்டு சப்பையாக இருக்கும், அமாவாசைப் பக்கம்தான் சதை வைக்கும் என்பது மீன்பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்வது. நண்டுக்காகவே போகிறவர்கள் இருட்டு வாரத்தைப் பார்ப்பது நல்லது. போயா தவிர சித்திரைப் புத்தாண்டு நாட்களிலும் ஒக்டோபர் 3ஆம் திகதியிலும் மதுக்கடை திறக்காது.

(பௌர்ணமிக்கு உண்மையில் பொருத்தமான இடம் வேறு: கல்லடிப் பாலத்தடி. பாடும் மீன் கேட்க நிலவும் அசையாத வாவியும் ஒரு தோணியும் போதும். அதை ஒரு தனி இரவுக்கு வையுங்கள்.)

வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டாம். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை முஸ்லிம் ஊர்கள் பல வருகின்றன. நண்பகல் 12 மணிக்குப் பிறகு ஜும்ஆவுக்காகக் கடைகள் சாத்தப்படும், பள்ளிவாசல் முன்னால் வீதி நெரியும், பகல் சாப்பாட்டு நேரம் அப்படியே பறிபோகும். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் இதே கதை. ஆனால் நோன்பு திறந்த பிறகு அந்த ஊர்களில் இரவு விடியும்வரை நீளும். நோன்பு காலத்தில் போகிறவர்கள் பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், ஊருக்கு நடுவில் நிறுத்தித் திறக்காமல் ஒதுக்குப்புறமாகச் சாப்பிடுங்கள்.

ஜூன், ஜூலையில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் இதே வீதியில்தான் நடக்கிறார்கள். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வீதியோரம் கூட்டமாக வருவார்கள். சிலரிடம் வெளிச்சமே இருக்காது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம். அன்று இந்தப் பாதையில் உல்லாசப் பயணம் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மொத்தத்தில் மிஞ்சுவது: பருவ காலத்தில், போயா இல்லாத ஒரு சனி, ஞாயிறு. மூன்று கிழமைக்கு முன்னால் குறித்துவிடுங்கள்.

2. யார் என்ன சாப்பிடுவார், யார் குடிப்பார், யார் ஓட்டுவார்

இந்த மூன்று கேள்வியையும் குழுவில் எழுத்தில் கேளுங்கள். மரக்கறிக்காரர் எத்தனை பேர், விரதம் யாருக்கு, மாட்டிறைச்சி யாருக்கு ஆகாது, ஹலால் யாருக்குக் கட்டாயம். கொத்துக் கடையில் மாடும் கோழியும் ஒரே தட்டில்தான் வெட்டுப்படும். ஆகாதவர் இருந்தால், சாப்பாடு சொல்ல முன்னாலேயே "தட்டக் கழுவிப் போட்டு முட்டைக் கொத்து ஒண்டு முதல்ல போடுங்க நானா" என்று கேட்டுவிடுங்கள். முன்னுக்குச் சொன்னால் செய்து தருவார்கள். பாதியில் சொன்னால் முகம் சுளிப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

காசை ஆளுக்கு 15,000 ரூபா வீதம் புறப்பட முன் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். மிஞ்சினால் திருப்பிப் பிரிக்கலாம். "வந்து பார்ப்பம்" என்று விட்டால், கடைசியில் கையில் காசு வைத்திருந்த ஒருவரே எல்லாவற்றையும் கட்டியிருப்பார், கேட்கவும் வெட்கப்படுவார். மதுவுக்கு வேறு பை. குடிக்காதவர் குடித்தவரின் கணக்கில் பங்கு கட்ட வேண்டி வருவதுதான் இந்தப் பயணங்களில் நட்பைக் கெடுக்கும் முதல் காரணம். சாராயத்தை விட அது கெடுதல்.

எரிபொருளைக் குத்துமதிப்பாக விடாதீர்கள். போய் வர 220 கிலோமீற்றர், அங்கே சுற்ற 40, ஆக 260. வாகனம் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் என்றால் 22 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 6,600 ரூபா. மாதக் கடைசி இரவில் விலை மாற்றம் வரும் வழக்கம். மாத முடிவை ஒட்டிய சனிக்கிழமை என்றால் இந்தத் தொகையைத் திருத்திப் போடுங்கள்.

சாரதி இருவர் வேண்டும். போகும் இரவு முழுவதும் ஒருவர் ஒரு மிடறுகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒருவரின் சாப்பாட்டுக் காசை மற்றவர்கள் பகிர்வது நல்ல வழக்கம்.

3. வாகனம்

ஐந்து பேர், ஐந்து பை, திரும்பும்போது தயிர்ச் சட்டி. ஒரு சின்னக் காருக்கு இது அதிகம். நாலு பேருக்குக் கார். ஐந்து, ஆறு என்றால் வேன்.

வாடகைக்கு எடுக்கிறீர்களா? நாலு இடத்தில் இடறுவார்கள்.

ஒன்று, நாளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற எல்லை. நாளுக்கு 100 என்று எழுதியிருந்தால் இரண்டு நாளுக்கு 200. உங்களுக்கு 260 ஓடும். மேலதிக 60க்குக் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று எடுக்கும்போதே கேளுங்கள், ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, காப்புறுதி. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. இடிபட்டால் காப்புறுதிக் கம்பனி கை விரிக்கும், சுமை உங்கள் தலையில். காப்புறுதிச் சான்றிதழில் வாடகைப் பாவனை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரி வாசியுங்கள்.

மூன்று, அனுமதிப்பத்திர வகுப்பு. சாதாரண 'பி' வகுப்பில் சாரதியோடு சேர்த்து ஒன்பது ஆசனம் வரைதான் ஓட்டலாம். பதினாலு ஆசன வேனைச் சாரதி இல்லாமல் எடுத்து 'பி' வகுப்புக்காரர் ஓட்டினால், பொலிஸ் மறித்தாலும் பிழை, இடிபட்டாலும் பிழை. பெரிய வேன் என்றால் சாரதியோடு எடுங்கள். அவருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க ஒரு கட்டில் உங்கள் செலவு. அதைப் பேசாமல் விட்டால் இரவு முழுவதும் வேனுக்குள் நுளம்போடு கிடந்த சாரதி மறுநாள் உங்களை ஓட்டிக்கொண்டு வருவார்.

நாலு, கையேற்கும்போது நாலு பக்கமும் வீடியோ. கீறல், எரிபொருள் முள், உபரிச் சில்லு, சில்லு மாற்ற வாகனத்தை உயர்த்தும் ஜக். உபரிச் சில்லில் காற்று இருக்கிறதா என்று கையால் அமத்திப் பாருங்கள். அறுகம்பேயில் கடற்கரைக்கு இறங்கும் பாதைகளில் மணல் கூட. தார் முடிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மணலில் புதைந்த வாகனத்தை இழுக்க வருகிறவர் கேட்கும் காசு, உங்கள் இரவுச் சாப்பாட்டுக் காசு.

4. பத்திரங்கள்

எல்லாரும் தேசிய அடையாள அட்டை, மூலப் பிரதி. தொலைபேசியில் உள்ள படம் தங்குமிடத்தில் சில வேளை செல்லும், சோதனைச் சாவடியில் செல்லாது. 2024 ஒக்டோபரில் அறுகம்பேக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டதிலிருந்து அங்கே பொலிஸ், அதிரடிப்படைக் கண்காணிப்பு கூட. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் யாராவது கூட வந்தால் கடவுச்சீட்டு.

வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், வாடகை என்றால் ஒப்பந்தம். சாரதிக்கு அனுமதிப்பத்திரம். தற்காலிக அனுமதிப்பத்திரக் கடதாசி வைத்திருப்பவர் அதன் முடிவுத் திகதியைப் பார்க்கட்டும். நீடித்து வைத்திருக்கிறோம் என்ற நினைப்பிலேயே காலாவதியான கடதாசியோடு ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

இதில் மற்றவர்கள் சொல்லாத பொறி ஒன்று இருக்கிறது. வேகத்துக்குத் தண்டம் எழுதினால் அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் எடுத்துக்கொண்டு தற்காலிகத் துண்டு தருவார்கள். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் தண்டம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, எடுத்த பொலிஸ் நிலையத்திலேயே மீட்க வேண்டும். பொத்துவில் பக்கம் சனிக்கிழமை பின்னேரம் பிடிபட்டால், ஞாயிறு தபாற்கந்தோர் இல்லை. ஒரு அட்டைக்காகக் கிழமை நாளில் மீண்டும் 100 கிலோமீற்றர் போக வேண்டும். இணையவழியில் அதே இடத்திலேயே கட்டும் வசதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். அதைவிட லேசான வழி, ஊருக்குள் 50, வெளியில் 70 என்ற எல்லையைக் காப்பது. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊர் முடிவதே இல்லை. ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை என்று வீடும் கடையும் தொடராக வரும். ஆகையால் அந்த 65 கிலோமீற்றரையும் 50 வேகத்து வீதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

5. தங்குமிடம்

பருவ காலத்துச் சனிக்கிழமைக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் எடுக்க வேண்டும். செயலியில் விலை பார்த்தாலும் கடைசியில் ஒரு அழைப்பு எடுத்துத் தமிழில் கதையுங்கள். கேட்க வேண்டியவை: உள்ளூர் ஆக்களுக்கு என்ன விலை; அறைக்கா, ஆளுக்கா; காலைச் சாப்பாடு சேர்ந்ததா; வாகனம் உள்ளே நிறுத்தலாமா; ஏ.சி.க்கு வேறு காசா, முற்பணம் திரும்புமா.

அத்தோடு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: "நாங்க மட்டக்களப்பு, ஆறு பொடியன்மார், சம்மதமா?" உள்ளூர் இளைஞர் கூட்டம் என்றால் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பும் இடங்கள் சில அங்கே உண்டு. கசப்பான விஷயம், சொந்த மாகாணத்தில் இது நடக்கிறது என்பது இன்னும் கசப்பு. ஆனால் இரவு ஏழு மணிக்குப் பையோடு நின்று வாதாடுவதைவிட ஒரு கிழமைக்கு முன்னால் தொலைபேசியில் தெரிந்துகொள்வது மேல். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் என்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அடையாள அட்டை எல்லாரிடமும் கேட்பார்கள்.

முற்பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றி, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, "கிடைத்தது, இத்தனை அறை, இந்தத் திகதி" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிரதான வீதியை ஒட்டிய அறையில் சத்தம். ஆனால் இரவில் நடந்தே வந்துவிடலாம். உள்ளுக்குப் போனால் அமைதி. நள்ளிரவில் ஆட்டோக் காசு. குடிக்கிற கூட்டத்துக்கு முதலாவதுதான் சரி.

6. சனிக்கிழமை: 10.30க்கு வெளிக்கிட்டால் போதும்

விடியற்காலையில் புறப்படுவதால் லாபம் இல்லை. அறை பெரும்பாலும் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும்.

10.30 மட்டக்களப்பு. கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடி. பேரீச்ச மரங்கள் நடுவீதியில் வரும்போது நிறுத்த ஆசை வரும், நிறுத்த வேண்டாம், திரும்பும்போது அதற்கு நேரம் இருக்கிறது. 12.00 கல்முனை. 12.45 அக்கரைப்பற்று. பகல் சாப்பாடு இங்கேதான். இதற்குப் பிறகு பொத்துவில் வரை பெரிய ஊர் இல்லை. சோறும் கறியும் லேசாகச் சாப்பிடுங்கள். இரவில் கடலுணவு காத்திருக்கிறது. எரிபொருளையும் இங்கேயே நிரப்பி, வங்கி இயந்திரத்தில் காசும் எடுத்துவிடுங்கள். அறுகம்பேயில் அட்டை எடுக்கும் இடங்கள் உண்டு, ஆனால் ஆட்டோக்காரருக்கும் சின்னக் கடைக்கும் காசுதான்.

1.45க்கு அங்கிருந்து. தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பிறகு அறுகம்பேப் பாலம். இந்த 45 கிலோமீற்றர் வெறும் வீதியாகத் தெரியும், அதனால் கால் தானாக அமத்தும். மாடுகளைப் பாருங்கள். எருமைக் கூட்டம் பகலில் வீதியைக் கடக்கும். இரவில் தாரில் சூடு இருக்கும்வரை அதன்மேலேயே படுத்திருக்கும். கறுப்பு வீதியில் கறுப்பு எருமை. முன் விளக்கில் முதலில் தெரிவது இரண்டு கண்தான், அது தலையைத் திருப்பியிருந்தால் அதுவும் தெரியாது. இரவில் இந்தத் துண்டை ஓட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

மூன்று மணிக்கு அறை. பொழுது ஆறு, ஆறேகால் அளவில் சாயும். அதுவரை கடல். கொடி கட்டியிருக்கும் இடத்திலும் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்திலும் மட்டும் இறங்குங்கள். குடித்த பிறகு கடலில் இறங்குவதில்லை என்பதை இப்போதே, தெளிவாக இருக்கும்போதே, எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள்.

7. கடலுணவு சொல்வதில் ஒரு முறை இருக்கிறது

இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு. எட்டரைக்குப் போனால் நல்ல மீன் போயிருக்கும், சமையலறையும் நெரிசலில் இருக்கும்.

பட்டியலில் நண்டுக்கும் இறாலுக்கும் போட்டிருக்கும் விலை சில இடங்களில் 100 கிராமுக்கு. சின்ன எழுத்தில் அதைப் பார்க்காமல் "நண்டு ஒண்டு" என்று சொன்னால், 800 கிராம் நண்டுக்கு எட்டு மடங்கு வரும். ஐஸில் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு எழும்பிப் போய், கையால் காட்டித் தெரிந்தெடுத்து, உங்கள் கண் முன்னால் நிறுக்கச் சொல்லி, "சமைச்சு மேசைக்கு வர மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

நண்டைத் தூக்கிப் பாருங்கள்; அளவுக்குப் பாரமாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்தை, பின்கால் தொடங்கும் இடத்தில் பெருவிரலால் அமத்துங்கள். கல் போல நின்றால் சதை உண்டு. உள்ளே அமுங்கினால் அது ஓடு மாறின நண்டு, கறியில் தண்ணீர்தான் மிஞ்சும். மீனுக்குச் செவுள் சிவப்பு, கண் மிதப்பு. கணவாய் வெள்ளையாகப் பளபளக்க வேண்டும், இளஞ்சிவப்பு ஏறியிருந்தால் விடுங்கள்.

ஆறு பேருக்கு இரண்டு கிலோப் பாரை ஒன்று சுட்டது, ஒரு கிலோ இறால், நடுத்தர நண்டு மூன்று கறி, இடியப்பம் அல்லது ரொட்டி. இதற்கு மேல் சொன்னால் மிஞ்சும். உறைப்பைச் சொல்லி வையுங்கள்: வெளிநாட்டவருக்கென்று பழகின சமையலறை, நீங்கள் கேட்காவிட்டால் பூண்டும் வெண்ணெயும் போட்டு வெளிறிய நண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். "எங்கட கறி, மிளகு தூக்கலா, முருங்கை இலை போட்டு" என்று சொன்னால் சமைக்கிறவருக்கே சந்தோஷம்.

பில்லில் இரண்டு வரி கூடும். 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). பட்டியலில் 10,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் சேவையோடு 11,000, வற்றோடு 12,980. சின்னக் கடைகளில் இரண்டும் இருக்காது. விலை "எல்லாம் சேர்த்தா" என்று முன்னுக்குக் கேட்பது வெட்கமில்லை.

8. இரவு

ஒவ்வொரு இடத்துக்கும் கிழமையில் ஒவ்வொரு நாள் பாட்டு. எங்கே இன்று என்பதை இணையத்தில் தேடுவதைவிட, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும் கடையில் கேட்பது நிச்சயம். வடக்கே பொத்துவிலைத் தாண்டிய விஸ்கி பாயின்ட் பக்கம் என்றால் உங்கள் வாகனத்தை அறையில் விட்டு ஆட்டோவில் போங்கள்; போக வர என்று பேசி, திரும்பும் நேரத்தையும் அவரது இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அங்கே புதிதாகப் பிடிக்கிற ஆட்டோ இரண்டு மடங்கு கேட்கும்.

மதுவும் புகைப்பொருளும் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. கூட்டத்தில் 20 வயதுத் தம்பி ஒருவர் இருந்தால் வாசலில் அடையாள அட்டை கேட்கும்போது எல்லாருக்கும் இரவு கெடும், முன்னுக்கே யோசியுங்கள். பொதுக் கடற்கரையில் போத்தலோடு வட்டமிட்டு இருப்பது பொலிஸ் பிடிக்கும் காரியம். பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு; உங்கள் சொந்த ஸ்பீக்கரைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அறிமுகமில்லாதவர் நீட்டும் கஞ்சா, 'ஐஸ்' பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். வாங்கினவர் மட்டும் மாட்டுவதில்லை, வாகனமும் மாட்டும்.

சாரதிக்குச் சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். அதைக் கணக்குப் பார்த்துக் குடிக்க முடியாது. "நித்திரை கொண்டு எழும்பினாச் சரி" என்பதும் பிழை: உடம்பு ஒரு சிறு கிளாஸைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஒரு மணிவரை நிறையக் குடித்தவர் காலை எட்டு மணிக்கும் தெளியாமல் இருக்கலாம். ஞாயிறு புறப்பாட்டைப் பின்னேரத்துக்கு வைப்பதில் இதுவும் ஒரு வசதி.

பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990, காசு இல்லை. கிட்டிய வைத்தியசாலை பொத்துவில்.

9. ஞாயிறு: சாப்பாட்டு இரவு

காலையில் பாணம பக்கம் ஓட ஆசைப்படுவார்கள். பகலில் போங்கள், யானைக்குக் கிட்டப் போகாமல், கோன் அடிக்காமல், இறங்காமல். பொழுது சாய்ந்த பிறகு பாணம வீதியும் லாகுகலை வீதியும் வேண்டாம்.

அறுகம்பேயிலிருந்து 3.30க்கு வெளிக்கிடுங்கள். ஐந்து மணிக்குள் அக்கரைப்பற்று. எருமை படுக்கும் வீதித் துண்டு வெளிச்சத்தில் முடிந்துவிடும். இனி ஊரும் விளக்கும்தான், அவசரமே இல்லை. வாகனத்தில் மிஞ்சின போத்தல் இருந்தால் டிக்கியின் அடியில் போகட்டும். குடித்த வாயோடு இந்த ஊர்க் கடைகளில் போய் உட்காராதீர்கள். அரைக்காற்சட்டையையும் அறுகம்பேயில் மாற்றிவிட்டு வாருங்கள்.

மாலை ஆறரைக்குச் சாய்ந்தமருது, கல்முனை. தொழுகை முடிந்து கடைகள் நிரம்பும் நேரம். ஆறு பேர் என்றால் சஹன் சொல்லலாம்: ஒரு பெரிய தட்டில் சோறு, நடுவில் கோழியோ ஆடோ, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. எல்லாக் கடையிலும் உடனே கிடைக்காது. முதல் நாளே அழைத்துச் சொல்ல வேண்டும். அவரவர் முன்பக்கத்தில் இருந்து மட்டும் எடுப்பது மரியாதை. நடுவில் உள்ள இறைச்சியை மூத்தவர் பிய்த்துப் பகிர்வார்.

கொத்து என்றால் ஆறு பேருக்கு நாலு போதும். "ஆணம் வேறயா தாங்க" என்று சொல்லுங்கள். மட்டக்களப்புத் தமிழர் குழம்பு என்பதைத்தான் இங்கே ஆணம் என்பார்கள். கொத்திலேயே ஊற்றிவிட்டால் ரொட்டி ஊறிக் களியாகிவிடும். டொல்பின் கொத்து என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டொல்பினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரொட்டியைத் தூளாகக் கொத்தாமல் பெரிய துண்டுகளாக விட்டு ஆணத்தோடு பிரட்டுவது.

எட்டரைக்குக் காத்தான்குடி. இங்கே இனிப்பு: மஸ்கட், தொதல். வீட்டுக்கு வாங்குவதென்றால் அரைக் கிலோப் பொதி, அன்றைக்குச் செய்ததா என்று கேட்டு. மஸ்கட்டில் எண்ணெய் கடதாசிக்கு வெளியே வடிந்திருந்தால் அது பழசு.

ஒன்பதரைக்குக் கல்லடிக் கடற்கரையில் ஒரு பிளேன்ரி. காசு வைத்திருப்பவர் அங்கேயே கணக்கைப் படித்து, மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கட்டும். நாளைக்கு என்று விட்டால் ஒரு மாதம் இழுபடும்.

10. தயிர்ச் சட்டி

இது தனித் தலைப்புக்கு உரிய விஷயம்; உடையாமல் வீடு போய்ச் சேரும் சட்டி குறைவு.

போகும்போது வாங்கவே வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் புளித்துவிடும். திரும்பும்போது, அதுவும் சாப்பாட்டுக்கு நிறுத்தும் கடைசி ஊரை நெருங்கும்போது வாங்குங்கள். வீதியோரம் சட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் இடங்களில் எருமைத் தயிரா என்று கேட்டு, கடதாசியைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மேலே மஞ்சள் கலந்த ஆடை, சட்டியைச் சற்றுச் சரித்தால் அசையாத தயிர்: அது நல்லது. ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால் ஒன்று பழசு, அல்லது காலையிலிருந்து வெயிலில் இருந்தது. சட்டியின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் வேறு சட்டி.

மண் சட்டியை டிக்கியில் வைக்காதீர்கள். பின் ஆசனத்துக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், ஈரத்துவாய் ஒன்றைச் சும்மாடு மாதிரிச் சுற்றி, அதன் நடுவில் சட்டியை இறக்குங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்குவதென்றால் இரண்டுக்கு மேல் வேண்டாம். இடையில் மடித்த கடதாசி. கல்லாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கும்போது அந்த ஆசனத்தில் இருப்பவர் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை நித்திரை தூங்கி விழுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.